பாதி வாக்கியத்தில் அணையும் லேப்டாப்

மார்ச் 4, செவ்வாய்

ரெஜினா எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். "அக்கா, சும்மா 'தானா ஆஃப் ஆயி தானா ஆன் ஆவுது'ன்னா நான் என்னத்தப் பாக்குறது? எப்ப ஆவுது, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க, எல்லாம் எழுதிட்டு வாங்க. டாக்டர்கிட்ட போனா எத்தன நாளா காய்ச்சல்னு கேக்க மாட்டாங்களா" என்றாள். கூட்டுறவு வங்கி கொடுத்த டைரி ஒன்று, ஜனவரியிலிருந்து தொடப்படாமல் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. அதற்கும் ஒரு வேலை வந்தது.

இன்று ஃபர்சானாவின் பொருளாதார வகுப்பு. பேராசிரியர் பணவீக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "இதற்கு முக்கியமான காரணம்" என்று அடித்தேன். திரை கறுப்பாயிற்று. பிறகு கம்பெனி முத்திரை வந்தது, வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மறுபடி உள்ளே போவதற்குள் பேராசிரியர் காரணத்தைச் சொல்லி முடித்து வேறு எதற்கோ போய்விட்டார். ஃபர்சானாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "அக்கா இருக்கீங்களா?"

என் வேலையையும் எழுதிவிடுகிறேன். ஃபர்சானா சென்னையில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். காது கேட்காது. வகுப்பில் பேசுவதை நான் திருச்சி உறையூரில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டு அடிக்க அடிக்க, அவள் போனில் எழுத்தாக ஓடும். கல்யாணத்துக்கு முன்னால் தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவள் நான். அந்தச் சான்றிதழ் பத்தொன்பது வருடம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கியது. இப்போதுதான் எழுந்திருக்கிறது. மூன்று மாதம் சோதனைக் காலம், அது முடிந்தால் நிரந்தரம். முதல் விதி, வகுப்பு நடுவே ஆள் காணாமல் போகக் கூடாது.

மார்ச் 5, புதன்

வீட்டில் இதுதான் இன்றைய பேச்சு. வழுதி டெஸ்டரோடு வந்து பிளக்கில் குத்திப் பார்த்தார். எர்த் சரியாக இருக்கிறதாம். வழுதி என்றால் என் கணவர் இளவழுதி. பெயர் சொல்லிக் கூப்பிடு என்று அவர் வீட்டில் எல்லோரும் சொல்லியும் எனக்கு "ஏங்க"வைத் தாண்டி வாய் வரவில்லை. எழுத்தில்தான் இந்தத் துணிச்சல்.

துவாக்குடியில் இரும்பு வெட்டி வெல்டிங் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்தவர். போன வருடம் யூனிட்டை மூடிவிட்டார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில்தான் இந்த லேப்டாப்பை டிசம்பரில் வாங்கித் தந்தார். இப்போது ஒப்பந்த வேலை கிடைத்தால் போகிறார், கிடைக்காத நாளில் செய்தித்தாளை விளம்பரம் உட்பட முழுக்கப் படிக்கிறார்.

"மிக்ஸி போடறப்ப வோல்டேஜ் இறங்குது. அதான்" என்றார் கடைசியில். ஆகவே பகலில் மிக்ஸிக்குத் தடை.

மார்ச் 7, வெள்ளி

சட்னி இல்லாமல் மூன்று நாள். மகள் எழிலிக்குப் பிளஸ் ஒன் பரீட்சை நடக்கிறது. "ஊறுகாயத் தொட்டுக்கிட்டு இட்லி தின்னுட்டு எப்படிம்மா கெமிஸ்ட்ரி எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் தியாகம் வீண். இன்றும் அணைந்தது. மிக்ஸி நிரபராதி.

குளித்துவிட்டு வரும்போது வழுதி என் லேப்டாப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவர் துடைத்து நான் பார்த்த முதல் பொருள். "தூசி" என்றார். சரி, மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ரெஜினா சொன்னபடி புது சார்ஜர். இன்றும் போயிற்று.

மார்ச் 12, புதன்

இன்று எனக்கு வகுப்பு இல்லை. லேப்டாப்பை ரெஜினாவிடம் கொடுத்தேன். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றி, நாள் முழுக்கக் கடையில் ஓடவிட்டாள். ஒரு தடவைகூட அணையவில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்த மாதிரி. ஏ.சி. காற்றில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இனிமே போவாதுக்கா. போனா எம் பேர மாத்திக்கிறேன்" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

ரெஜினாவுக்கு வேறு பெயர் பார்க்க வேண்டும். முதல் வகுப்பிலேயே போயிற்று. போன் செய்தேன்.

"அக்கா, கடையில நல்லா இருக்கு, வீட்டுக்கு வந்தா போவுதுன்னா, கோளாறு அதுல இல்லியோ? வீட்டுல என்ன நடக்குதுன்னு பாருங்க" என்றாள்.

வீட்டில் என்ன நடக்கும்? காலையில் எழுகிறோம், சமைக்கிறோம், எழிலி பரீட்சைக்குப் போகிறாள். வழுதி நடக்கப் போகிறார். பிப்ரவரியிலிருந்து புதுப் பழக்கம். டீக்கடை வரை நடந்தாலே வண்டியைத் தேடுகிறவர் இப்போது விடிந்ததும் கிளம்பிவிடுகிறார். நான் குளித்து வருவதற்குள் திரும்பிவிடுகிறார். வந்ததும் என் மேசைப் பக்கம் ஒரு நடை. அவ்வளவுதான் நடக்கிறது.

மார்ச் 17, திங்கள்

அருணா கூப்பிட்டாள். என் மேற்பார்வையாளர். என்னைவிட வயதில் சின்னவள், ஆனால் குரலில் தலைமை ஆசிரியை.

"தையல்நாயகி மேடம், உங்க ஸ்பீடுக்கும் தமிழுக்கும் நான் யார்கிட்ட வேணா பேசுவேன். ஆனா அந்தப் பொண்ணு நடுவுல நிக்குது பாருங்க, அதுக்கு என்னால பதில் சொல்ல முடியல."

எனக்கும் முடியவில்லை. ஃபர்சானா குறை சொல்லவே மாட்டாள். ஒவ்வொரு தடவையும் "அக்கா இருக்கீங்களா?" என்று மட்டும்தான் கேட்பாள். நானும் "வந்துட்டேன்மா" என்று போடுவேன். சுற்றிலும் எல்லோரும் வாயசைத்துக்கொண்டிருக்க, கையில் எழுத்து நின்றுபோன போனோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அது நினைவுக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை.

மார்ச் 19, புதன்

எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

இன்று சீக்கிரம் குளித்துவிட்டேன். தலை துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தால், வழுதி என் மேசை முன்னால் நிற்கிறார். கை லேப்டாப் மேல். என்னைப் பார்த்ததும் சட்டென்று எடுத்துக்கொண்டார். துண்டால் அவசரமாக ஒரு துடை. "தூசி" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

தினமும் துடைத்தால் தூசி எங்கிருந்து வரும்?

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை நினைவுக்கு வந்தது. கண்ணாடி முன்னால் நின்று நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேனாம். "தலவலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப்போவது பிடிக்கவில்லையோ என்று அன்றைக்கே தோன்றியது. பிறகு அது அபாண்டம் என்று தள்ளிவிட்டேன்.

தள்ளியது திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

இன்று காலை வகுப்பில் இரண்டு தடவை போயிற்று. இரண்டாவது தடவை போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார். அந்தப் பார்வைதான் என்னைக் கிளப்பிவிட்டது. வகுப்பு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் சம்பாதிக்கறது உங்களுக்கு உறுத்துதுன்னா நேரா சொல்லிடுங்க" என்றேன்.

"என்ன பேசற தையல்?"

"எதுக்கு தெனம் காலையில அதுகிட்ட போறீங்க? எதையாவது நோண்டி விடறீங்களா?"

"நான் நோண்டல."

"பின்ன?"

"தொடைக்கறேன்."

"சாப்ட்ட தட்டயே எடுத்து வைக்காதவரு, என் லேப்டாப்ப மட்டும் வந்து தொடைப்பீங்களாக்கும்."

செய்தித்தாளை மடித்தார். நான்காக மடித்து, மறுபடி மடித்து, அது இனி மடியாது என்றானபிறகு கட்டிலில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

மனதில் இருந்ததைக் கேட்டேன். கேட்டதில் தப்பில்லை.

மார்ச் 22, சனி

எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். அவருக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை, கத்திரிக்காய் வாடிக்கொண்டிருந்தது. "வாடின காய்க்கு யாராச்சும் தேங்கா அரைப்பாங்களா?" என்று எழிலி கேட்டாள். பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பார் என்றேன்.

சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்தார்.

மார்ச் 24, திங்கள்

அவர் இப்போது மேசைப் பக்கம் வருவதை நான் பார்க்கவில்லை. லேப்டாப் மட்டும் பழையபடி. இன்று, வருகிற தேர்வுக்கு எது முக்கியம் என்று பேராசிரியர் சொன்ன இடத்தில் போயிற்று. வகுப்பு முடிந்ததும் ஃபர்சானா எழுதினாள். "பரவால்லக்கா. பக்கத்துப் பொண்ணு நோட்ட வாங்கிப் பாத்துக்கறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க." நோன்பு நேரம். தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற பெண் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

மாலையில் அருணா. ஏப்ரல் 3, வியாழக்கிழமை ஃபர்சானாவின் துறையில் நாள் முழுக்கக் கருத்தரங்கு. கல்லூரி முதல்வரும் எங்கள் நிறுவனத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்தச் சேவை அடுத்த வருடமும் வேண்டுமா என்று அன்றுதான் முடிவாகும்.

"அன்னிக்கு ஒரு தடவ போச்சுன்னாலும் உங்களத் தொடர வைக்க என்னால முடியாது மேடம். வேற ஆள் போட்டுரவா?" என்றாள்.

"நானே செய்யறேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 26, புதன்

ரெஜினா லேப்டாப்பைத் திறந்தாள். இத்தனை நாள் திறக்காததற்கு, வாங்கி நாலு மாதம்கூட ஆகாத பொருளின் வாரண்டி போய்விடுமே என்ற பயம்தான் காரணம். இனி வாரண்டி இருந்தென்ன, வேலையே போகப்போகிறது, திற என்றேன்.

கவிழ்த்துப் போட்டு, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடிமூடியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஃபேனின் இறக்கைகளில் வெள்ளையாக அப்பியிருந்தது. அதற்குப் பக்கத்தில் சூடு வெளியே போகிற சின்னச் சின்ன இடுக்கெல்லாம் அடைத்து, சுண்ணாம்பு பூசினது போல இறுகிக் கிடந்தது.

வெள்ளைப் பொடி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆக, உண்மைதான். வேண்டுமென்றே எதையோ கொட்டியிருக்கிறார்.

ரெஜினா ஒரு துளி எடுத்து விரலில் தேய்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க்கா, லேப்டாப்ப சாமி ரூம்லயா வப்பீங்க?"

"எங்க வீட்ல சாமி ரூமே கெடையாது."

"பின்ன இதுக்குள்ள திருநீறு எப்படி வந்துச்சு?"

"என்னது?"

"திருநீறுக்கா. நான் மாதா கோயிலுக்குப் போறவ, எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? ஆயுத பூஜ முடிஞ்ச மறுவாரம் எங்க கட பூரா இந்த வாசந்தான். சந்தனம், குங்குமம், பொரி, எல்லாத்தயும் கீபோர்டுலேருந்து எடுத்துருக்கேன். ஒருத்தரு எலுமிச்சம்பழத்த வச்சு நசுக்கிட்டாரு."

அவள் சொன்னது இதுதான். மூடிய லேப்டாப்பின் மேல் பூசியிருக்கிறார்கள். பூசியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ அதைத் துடைத்திருக்கிறார்கள், பின்பக்கமாகத் தள்ளி. துடைத்ததெல்லாம் பின்னால் மேசையில் விழுந்து தங்கியிருக்கிறது. அடியில் இருக்கும் துளை வழியாக ஃபேன் காற்றை இழுக்கும்போது அதையும் சேர்த்து இழுத்திருக்கிறது. "சூடு வெளிய போக வழியில்லன்னா அது என்னக்கா பண்ணும், பாவம். தன்னக் காப்பாத்திக்க அணைஞ்சுக்கும். கடையில சும்மா ஓடுச்சு, ஏ.சி. வேற, அதான் தாங்கிச்சு. நான் மொதல்லயே தெறந்துருக்கணும்."

சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாக வைத்து மூடிக் கொடுத்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வீட்டில் திருநீறா? வழுதியின் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். வழுதியும் அப்படியே. கோயில் பிரசாதம் என்று யாராவது நீட்டினால், சுண்டலை வாங்கிக்கொண்டு மற்றதைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தருகிறவர். எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றி, உறுதிமொழி படித்து, முடிந்தது.

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். திருநீறு இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டார். எனக்குப் பரீட்சை என்றால் காலையில் ஒரு கையை என் கண்ணுக்குமேல் குடை மாதிரி வைத்து, மறு கையால் பூசி, ஊதிவிடுவார். தட்டச்சுப் பரீட்சைக்கும் அப்படித்தான் போனேன். என் கல்யாணத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம் வந்தார், பழக்கத்தில் கை என் நெற்றிக்கு வந்தது. சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். கையை இறக்கி என் தலைமுடியைச் சரிசெய்வது போலச் செய்துவிட்டுப் போனார். மூன்று வருடத்தில் இறந்தும் போனார்.

வைக்காதே என்று இந்த வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானாகத்தான் விட்டேன். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றியதும் இல்லை.

மார்ச் 27, வியாழன்

எழிலியிடம் ஜாடையாகக் கேட்டேன். "பரீட்சைக்குப் போறப்ப திருநீறு கிருநீறு எதாவது..." முடிப்பதற்குள் சிரித்தாள். "படிச்சிருந்தா பயம் இல்ல, படிக்கலன்னா பிரயோஜனம் இல்லன்னு அப்பா சொல்லிருக்காரும்மா." அப்பா பெண்.

ஆக, வீட்டில் மீதி ஒரே ஆள்.

மார்ச் 28, வெள்ளி

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தை அங்கே விட்டுவிட்டு, நான் மட்டும் வெளியே வந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நாற்பத்து மூன்று வயதில் கண்ணாமூச்சி.

வழுதி நடந்துவிட்டு வந்தார். குளியலறைப் பக்கம் காது கொடுத்துக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து செய்தித்தாள் துண்டில் மடித்த சின்னப் பொட்டலத்தை எடுத்தார். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் தூணில் திருநீற்றுக் கிண்ணம் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இவர் உள்ளே போயிருக்க மாட்டார், வெளியிலிருந்தே கையை நீட்டி எடுத்திருப்பார். பெயின்ட் காய்ந்ததா என்று பார்க்கிறவர் போல ஒரு விரலால் தொட்டு, என் லேப்டாப் மேல் ஒரு கோடு போட்டார். அது கோணல் என்று தோன்றியதோ என்னவோ, அதன் மேலேயே இன்னொன்று போட்டார். கும்பிடவில்லை. கும்பிட அவருக்குத் தெரியாது. வெல்டிங் ஆறிவிட்டதா என்று இரும்பில் கை வைத்துப் பார்ப்பாரே, அப்படி உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, ஒரு துளிகூடத் தெரியாதபடி நன்றாக அழுத்தி, பின்பக்கமாகத் துடைத்தார்.

நான் அவ்வளவு பேச்சுப் பேசிய பிறகும் ஒரு நாள்கூட விடாமல் செய்திருக்கிறார்.

குளியலறைக்குத் திரும்பினேன். வாளி நிரம்பித் தண்ணீர் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அழுதேன். நன்றாக அழுதேன்.

மார்ச் 29, சனி

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நீங்கள்தான் என் வேலையைக் கெடுக்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். இப்போது போய், திருநீற்றால்தான் அணைந்தது என்றால், நான் சொன்னது சரி என்று ஆகிவிடும். வாழ்நாளில் முதல் தடவையாக எனக்காகக் கோயில் தூணில் கை வைத்த மனிதர். அந்தக் கைதான் கெடுத்தது என்று தெரிந்தால், அதற்குப் பிறகு எதையும் தொட மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

அதனால் அவர் பூசித் துடைத்துவிட்டுப் போனதும், நான் போய் எழிலியின் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தட்டி, மேசையை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரும் ஒரே லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். சுத்தத்துக்குக் குறைவில்லை.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான், விடுமுறை. ஃபர்சானா மருதாணிக் கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கூடவே, "வியாழக்கிழமை நீங்கதானக்கா?" நான்தான் என்று போட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்று முழுக்க வகுப்பு. ஒரு தடவைகூட அணையவில்லை. அருணா மகிழ்ச்சி முகம் ஒன்று அனுப்பினாள். நாளையை நினைத்து, அடுக்கியிருந்த பீரோவையே மறுபடி அடுக்கினேன். பெரிய மனிதர்கள் பார்ப்பார்கள் என்பதற்காக இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் எனக்கு எப்போதும் இப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, சிரிப்புத்தான் வருகிறது. தினமும் காலையில் அந்த லேப்டாப்பைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

விடிவதற்குள் குளித்துவிட்டேன். லேப்டாப்பை எடுத்துக் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அது இருந்த இடத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன்.

வழுதி உள்ளே வந்தார். குளியலறையில் சத்தம் இல்லை. என்னைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"இன்னிக்கு நேரத்தோட எந்திரிச்சுட்டியா?"

"ஆமா."

"லேப்டாப் எங்க?"

"அதுக்கு வச்சது போதுங்க. எனக்கு வைங்க."

நின்றார். பை மேலிருந்த கையை எடுக்கவும் இல்லை. எழிலி உள்ளே திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

"நான் கும்பிடல்லாம் இல்ல" என்றார் கடைசியில். "கிண்ணத்துல இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். அவ்ளோதான்."

"சரி."

"எனக்கு நம்பிக்கை இல்ல, தையல். உனக்கு இருந்துச்சுல்ல. மொத நாளு கண்ணாடி முன்னாடி நின்னு நெத்தியத் தடவிட்டு இருந்த. உங்கப்பா அன்னிக்குக் கையத் தூக்கிட்டு எறக்கிட்டாரு, நானுந்தான் பாத்துட்டு நின்னேன்." பொட்டலத்தை வெளியே எடுத்தார். "வைக்காதன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. வச்சுக்கன்னும் சொன்னதில்ல."

முகத்தை நிமிர்த்திக் காட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்தார். "எந்த வெரலு?"

"மூணு வெரலு. அழுத்தாம இழுங்க."

வெல்டிங் கை. அழுத்தித்தான் இழுத்தார். ஒரு காதிலிருந்து மறு காது வரை போயிருக்கும். பொடி கண்ணில் விழப்போகிறது என்று நான் இமையை மூடினேன். அதற்குள் அவருடைய இன்னொரு கை குடை மாதிரி என் கண்ணுக்குமேல் வந்து நின்றது. அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வழக்கம்போலத் துண்டை எடுத்தார்.

"தொடைக்காதீங்க" என்றேன். "ஊதுங்க."

ஊதினார். பீடி வாசம் வந்தது. விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார், அதை அப்புறம் கேட்க வேண்டும்.

கருத்தரங்கு காலையில் தொடங்கி மாலையில் முடிந்தது. கேமராவில் என் முகம் தெரிந்த ஒரு நிமிடத்தில் அருணா நெற்றியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அடித்தேன், அடித்தேன், விரல் மரத்துப்போக அடித்தேன். எல்லா வாக்கியமும் முற்றுப்புள்ளி வரை போயிற்று. கடைசியில் ஃபர்சானா மேடைக்குப் போய், எழுதி வைத்திருந்ததைத் தன் குரலில் வாசித்தாள். அவள் குரல் ஹெட்போனில் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, இதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை. மழுங்கலான, அவசரமில்லாத குரல். அதையும் அடித்தேன். "அக்கா இருக்கீங்களா?" என்று இன்று அவள் ஒரு தடவையும் கேட்கவில்லை.

மாலையில் அருணா ஜூன் மாதத்துக்கான வகுப்பு அட்டவணையை அனுப்பினாள். அதில் என் பெயர் இருந்தது. எழிலியிடம் காட்டினேன். அவரிடமும் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். இன்றைக்குச் செய்தித்தாள் தேவைப்படவில்லை.

"அப்ப லேப்டாப் சரியாயிடுச்சு?" என்றார்.

"ஆயிடுச்சு. ரெஜினா பாத்துட்டா."

"என்ன கோளாறாம்?"

"உள்ள தூசி."

அவர் முகம் சுருங்கியது. மேசையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதெப்படி தையல்? நாந்தான் தெனம் தொடச்சேனே."

"ஆமாங்க" என்றேன். "நீங்க தொடச்சதாலதான் இவ்ளோ நாளாவது ஓடுச்சு."